ஒழுங்கையில் கிடந்தவை



இத்தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கவிதையைப் பற்றியும் நாவலைப் பற்றியும் நாட்டார் பாடலைப் பற்றியும் பேசினார்கள். நான் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்தது. ஆனால் கடந்த இரண்டு வருடங்களில் நான் அதிகம் வாசித்தது புத்தகங்களையல்ல, எங்கள் ஒழுங்கையைத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, காங்கேசன்துறைக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரமாக, எங்கள் ஊரில் ஒரு நடைபாதை இருக்கிறது. அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. புகையிரதக் கடவையடியில் தொடங்கி, ஒரு மதகைத் தாண்டி, வைரவர் கோயிலடியில் முடிகிறது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் வெள்ளவாய்க்கால், அதற்கப்பால் வேலிகள். 1990 ஆனியில் புகையிரதம் நின்றுபோன பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சிய மண்மேட்டின் மேலேயே இருபது வருடங்களுக்கு மேலாக நாங்கள் நடந்து திரிந்தோம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் புகையிரதம் திரும்பி வந்தது. நாங்கள் மேட்டிலிருந்து இறங்கிப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினோம். அந்தப் பக்கவழியைத்தான் ஒழுங்கை என்கிறேன்.

நான் பொறுக்கத் தொடங்கியது சமூகசேவை எண்ணத்தினாலல்ல. 2023 மார்கழியில் எங்கள் பகுதிகளில் டெங்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பேர்த்திப் பிள்ளையும் காய்ச்சலில் விழுந்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எல்லா வளவுகளையும் பார்த்தார். என்னுடைய வளவில் ஒன்றுமில்லை. எனக்கு உள்ளூர ஒரு பெருமை. போகிற வழியில் அவர் ஒழுங்கையில் கிடந்த ஒரு யோகட் கப்பைக் காலால் புரட்டாமல் கையால் மெதுவாக எடுத்து, வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். இரண்டு கரண்டி மழைத்தண்ணீர். அதற்குள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"உங்கட வளவு துப்பரவுதான் மாஸ்ரர். நுளம்பு படலையாலை வாறேல்லையே" என்றார்.

அந்த நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் காய்ந்து கிடக்குமாம். மழை பெய்து நனைந்ததும் பொரிக்கும். எங்கள் வெப்பத்தில் முட்டை நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். கடிப்பதும் இரவிலல்ல, விடியலிலும் பின்னேரத்திலும், பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிற, வருகிற நேரங்களில். இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பத்து நாளில் சுகமாகி வந்தாள். எனக்கு அந்தக் கப் மாத்திரம் மறக்கவில்லை.

உரப் பை ஒன்றை எடுத்தேன். பழைய குடைக்கம்பியின் நுனியை வளைத்து ஒரு கொழுக்கி செய்தேன். காலை ஐந்தரைக்கு ஒழுங்கையில் இறங்கினேன்.

முதற் கிழமை ஒருவரும் வராத நேரம் பார்த்துத்தான் குனிந்தேன். இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சைக்கிள் மணி கேட்டால் நிமிர்ந்து நின்று, தண்டவாளத்தைப் பார்க்கிறவன்போலப் பார்ப்பேன். பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். வீட்டிலே மனைவி நேரடியாகவே கேட்டாள். "இஞ்சாருங்கோ, இதுக்கோ பென்ஷன் எடுத்தனீங்கள்? படிப்பிச்ச வாத்தியார் குப்பை பொறுக்கிறார் எண்டு ஊரெல்லாம் கதைக்கப் போகுது." குளிக்காமல் திண்ணைக்கு மேலே ஏறக்கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. சுகாதார ரீதியில் நியாயமான சட்டந்தான். நானும் கீழ்ப்படிந்தேன்.

குனிந்து நிற்பவனுக்கு முகங்களுக்கு முன்னால் கால்கள்தான் தெரிகின்றன. இப்போது எனக்கு அநேகரைக் காலைக் கொண்டே தெரியும். முதலில் வருபவை செருப்பில்லாத இரண்டு கால்கள். வைரவருக்குப் பூக் கொண்டுபோகிற ஆச்சி. வேலிக்கு வெளியே தலைநீட்டிய நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் அவவுக்கே சொந்தம் என்பது ஊர் ஒப்பந்தம். என்னைக் கண்டு வெட்கப்படாமல் பேசிய முதல் ஆள் அவதான். "நானும் நீயும் ஒரே தொழில்தான் தம்பி. நான் மேலை பாத்துப் பொறுக்கிறன், நீ கீழை பாத்துப் பொறுக்கிறாய்."

அடுத்து வெள்ளைச் சப்பாத்துகள். சீனி வருத்தக்காரர் இருவர், வைத்தியர் சொல்லி நடப்பவர்கள். அவர்களில் ஒருவர் கைத்தடியால் சுட்டிக் காட்டுவார். "மாஸ்ரர், அதிலை ஒண்டை விட்டிட்டியள்." ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை நான் விட்டிருப்பேன், அவர் கண்டிருப்பார். ஒரு நாளாவது குனிந்தாரில்லை. மனதுக்குள் அவருக்கு 'பரீட்சை மேற்பார்வையாளர்' என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு நாள் நான் பிந்திப் போனபோது, மதகடியில் ஆறு போத்தல்கள் ஒன்றாக ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. சப்பாத்துக் காலால் தள்ளித் தள்ளிச் சேர்த்திருக்கிறார். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தவர், குனியவே முடியாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சுட்டிக் காட்டியது கட்டளையல்ல, தன்னால் இயன்ற பங்கு. பெயரை மனதிலிருந்து அழித்துவிட்டேன்.

ஆறரைக்கு ரியூசன் பிள்ளைகளின் சைக்கிள்கள். என்னைக் கண்டதும் ரொபி உறைகள் சட்டைப் பைக்குள் போகும். மதகுக்கு அப்பால் வளைவு திரும்பியதும் அவை வெளியே வந்து விழும். என் கண் எட்டுகிற தூரத்துக்கே ஒழுங்கை சுத்தமாயிருந்தது. ஒரு சிறுமி மாத்திரம் இறங்கி வந்து, வெறும் பிஸ்கற் பைக்கற்றை இரண்டு கைகளாலும் நீட்டினாள். "சேர், இந்தாங்கோ." ஐயரிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கிற பாவனை. வீட்டுக்குக் கொண்டுபோ பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இரண்டு கைகளைப் பார்த்தபின் வரவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒழுங்கையில் கிடப்பவையும் பேசத்தான் செய்கின்றன. அதிர்ஷ்டலாபச் சீட்டுகள் எப்போதும் இரண்டாகக் கிழிக்கப்பட்டே கிடக்கும். கோயில் மதிலுக்குப் பின்னாலுள்ள கால் போத்தல்களோ மூடி இறுக்கித் திருகப்பட்டபடி, மதிலோடு சாத்தி வைக்கப்பட்டிருக்கும். குடித்தவருக்கு வைரவரிடம் பயம் இருந்திருக்கிறது, ஒழுங்கும் இருந்திருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் துணிவில்லை. சிகரெட் அடிக்கட்டைகளை நெடுங்காலம் பஞ்சு என்றே நினைத்திருந்தேன். அது பஞ்சல்ல, ஒருவகைப் பிளாஸ்ரிக் நார். மண்ணோடு மண்ணாக இலேசில் போகாது.

சட்டங்களையும் அங்கே வாசிக்கலாம். லஞ்ச் சீற் 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டது. நான் தினமும் பொறுக்குகிறேன். 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத ஷாம்பு, சவர்க்காரத் திரவப் பைக்கற்றுகள் 2021 மார்ச் 31இலிருந்து கூடாது. வாய்க்காலில் அவைதான் அதிகம். 2023 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய், கரண்டி, தட்டு, கோப்பை, பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் தடைசெய்து வர்த்தமானி வந்தது. அந்தத் தடையிலிருந்து விலக்களிக்கப்பட்டது யோகட் கப். நான் ஒழுங்கையில் இறங்கக் காரணமாயிருந்த அதே சாமான். இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டேன்.

இந்த ஒழுங்கை, மண்மேடாய் இருந்த நாளில், குப்பையே இல்லாமல் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். 1990க்குப் பின்வந்த பொருளாதாரத் தடைக் காலம். எறிவதற்கு எவரிடமும் ஒன்றுமிருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்காயிற்று. ஷொப்பிங் பை கிடைத்தால் கழுவிக் கொடியில் காயப்போட்டோம். சந்தைக்குப் பனையோலை உமல் திரும்பி வந்தது. கச்சான் சுற்றித் தந்த தாளை விரித்தால் என் மாணவன் ஒருவனின் கட்டுரை, நானே சிவப்பு மையால் திருத்தியது. அந்தச் சுத்தத்தை நல்ல காலமென்று நான் சொல்லமாட்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மழையில், தெருவெல்லாம் சாமான்கள் கிடந்தன. சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, சுமக்க முடியாமல் இறக்கி வைத்தவை. ஒற்றைச் செருப்புகள், ஒரு தையல் மெசின், ஒரு சுளகு. அன்று தெருவில் விழுந்த எதுவும் குப்பையல்ல. ஒன்றையும் குனிந்து எடுக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

நாலாவதோ ஐந்தாவதோ மாதம். மதகடியில் குனிந்து நின்றேன். புகையிரதத்தில் வந்திறங்கிய ஒரு இளைஞர், வெளியூர்க்காரர், நல்ல உடுப்பு, சாப்பாட்டுப் பார்சலின் மிச்சத்தை என் பைக்குப் பக்கத்தில் போட்டார். "ஐசே, இதையும் எடும்" என்றார்.

எடும்! என் வயதில் பாதியும் இராது அவருக்கு. நிமிர்ந்தேன். எனக்கு வந்த கோபத்தை இப்போதும் உடம்பில் உணரமுடிகிறது. "நான் இஞ்சை முப்பத்தைஞ்சு வருசம் படிப்பிச்ச மாஸ்ரர்" என்றேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று. "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நான் நினைச்சன்..." என்று இழுத்தார். பார்சலைத் தானே எடுத்துப் பையில் போட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அவர் முடிக்காமல் விட்ட வசனத்தை முடிப்பது கஷ்டமில்லை. எனக்கு உறைத்தது வேறு. உம்முடைய குப்பையை நீரே எடும் என்று நான் சொல்லவில்லை. நான் மாஸ்ரர் என்றுதான் சொன்னேன். அதாவது, இப்படிச் சொல்வதற்குரிய ஆள் நானல்ல, வேறொருவர் என்று சொன்னேன்.

நேயர்களே, நான் பிறந்தது 1957இல். அதே வருடத்தில்தான் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. தேநீர்க் கடையிலோ கோயிலிலோ சாதி காரணமாக ஒருவரை மறிப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்து ஒன்பது வருடங்களின் பின், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போகவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நிற்கவேண்டியிருந்தது. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. நான் வகுப்பிலும் மேடையிலும் அந்நாவலைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். தகழியின் 'தோட்டியின் மக'னை, சுந்தர ராமசாமியின் தமிழில், மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் வாயிலிருந்து ஒழுங்கையில் வந்தது அந்த ஒரு வசனம்.

எங்கள் பகுதிக்குக் கிழமையில் இரண்டு நாள் சபையின் உழவு இயந்திரம் வரும். அதோடு வருகிற ஒரு அம்மா கடவையடியில் குவிந்திருப்பதை அள்ளிப் பெட்டியில் ஏற்றுவார். ஐம்பது வயதிருக்கலாம். பிரித்தானியர் காலத்திலே நகரசுத்தி வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. எத்தனை வருடமாக அவர் அந்த வேலையைச் செய்கிறாரென்று எனக்குத் தெரியாது. நான் அவரைக் கண்டதேயில்லை. கண்டிருக்கிறேன், பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார். உரப் பையும் கொழுக்கியுமாக நான். நூற்றுக்கணக்கானோர் பாராட்டினார்கள். மகள் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். மனைவிக்கும் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து ஒருவர் வரும்போது நிமிர்ந்து நிற்பதை விட்டேன். ஒருவர் வந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகக் குனிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அம்மா என்னிடம் வந்தார். கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ஐயா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ பிள்ளை."

"நீங்கள் பையைக் கட்டி இரவிலை கடவையடியிலை வைக்கிறியள். நாய் கிழிச்சுப்போடுது. விடிய நான்தான் திருப்பிப் பொறுக்கவேணும். போத்தலோடை உடைஞ்ச கண்ணாடியும் போடுறியள்." உள்ளங்கையைக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே காய்ந்த வெட்டு. கையுறை இல்லை. "இன்னொண்டு. உங்கட படத்தைப் பாத்திட்டு எங்கட சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னாலை பேசிப்போட்டார். பென்ஷன் எடுத்த மாஸ்ரர் வந்து பொறுக்க நீ சம்பளம் எடுத்துப்போட்டு என்ன செய்யிறாய் எண்டு."

அவர் குரலில் கோபமில்லை. மழை வரப்போகிறதென்று சொல்வதுபோலச் சொன்னார். ஒழுங்கை அவருடைய பகுதியே அல்லவாம். கடவையடி வரைக்குந்தான் அவருக்குக் கொடுத்த இடம்.

அன்றே அந்த மேற்பார்வையாளரிடம் போனேன். நல்லாக வரவேற்றார். கதிரை போட்டார், தேநீர் தந்தார், படத்தைப் பற்றிப் புகழ்ந்தார். நான் விடயத்தைச் சொன்னதும், "அப்பிடி ஒண்டும் பேசேல்லை சேர், அவளைக் கூப்பிடுறன், நீங்களே கேளுங்கோ" என்றார். "எடியே, இஞ்சை வா." அவர் வந்து கதவடியில் நின்றார். நான் கதிரையில் இருந்தேன். அவரை ஏசவேண்டாம் என்று சொல்லப் போனவன், அவரை இன்னொரு தடவை நிறுத்தி வைத்துவிட்டேன். எழும்பி நின்றிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. வெளியே வந்து சைக்கிளில் ஏறிய பிறகு தோன்றியது.

பிறகு பையை இரவில் வைப்பதை விட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழுக்கு முன், மதகுத் தலைப்பில், நாய் எட்டாத உயரத்தில். கண்ணாடிக்குத் தனியாக ஒரு பால்மாத் தகரம். அவர் சொன்னபடியேதான். நான் குனிகிற முறையும் பிழையாம். "இடுப்பாலை குனியாதேங்கோ ஐயா, முழங்காலை மடியுங்கோ. இல்லாட்டி ஆறு மாசத்திலை படுத்திடுவியள்." அந்தப் பாடத்தின் பின் என் நாரிப்பிடிப்பு பாதியாகக் குறைந்தது. 2024 கார்த்திகை மழைக்கு முன்னர் மதகு வாயில் அடைத்திருந்ததை இருவருமாக இழுத்தெடுத்தோம். நாலு உரப் பை நிறைந்தது. எங்கே தொடங்கி இழுத்தால் முழுவதும் ஒன்றாக வருமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அன்று களைத்துப் போயிருந்தோம். என் வீட்டுப் படலை பக்கத்தில்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்றேன். தயங்கி வந்தார், படலைக்கு உள்ளே ஒரு அடி. மனைவி தேநீர் கொண்டுவந்தாள். இனிப்புப் போட்ட நல்ல தேநீர், இரண்டு மலிபன் பிஸ்கற்றுடன். எனக்கு என்னுடைய எவர்சில்வர் மூக்குப்பேணியில். அவருக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பையில். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வாங்கியதில் மிஞ்சியவை ஒரு கட்டு அலுமாரியில் இருந்தன. அவர் ஆறுதலாகக் குடித்தார். கோப்பையைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன் அம்மா" என்று போனார்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாட் காலை ஒழுங்கையில் தெரிந்தது. வேலியடியில் ஒரு சிரட்டை கிடந்தது. தண்ணீர் தேங்கியிருந்தது. கவிழ்த்துக் கொட்டக் கொழுக்கியை நீட்டினேன். என் பாட்டியின் வீட்டுக் கிடுகு வேலி ஞாபகம் வந்தது. அந்த வேலியில் எப்போதும் ஒரு சிரட்டை செருகியிருக்கும். வேலை செய்ய வருகிறவர் தாமே அதை எடுத்து, கழுவி, நீட்ட, பாட்டி மேலேயிருந்து ஊற்றுவா. குடித்து முடிந்ததும் அவரே கழுவித் திரும்பவும் வேலியில் செருகவேண்டும். சின்ன வயதில் அந்தச் சிரட்டையை எடுத்து நான் மண் விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். சிரட்டையை வைக்க ஒரு வேலியும், வேலியில் ஒரு இடமும் வேண்டியிருந்தது. அது அங்கே இருக்கிறதென்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. பிளாஸ்ரிக் கோப்பைக்கு அதுவும் வேண்டாம். குடித்தவரே கசக்கிக் கொண்டுபோய்விடுகிறார்.

அன்று ஒழுங்கையில் ஏழு கோப்பைகள் பொறுக்கினேன். எந்தெந்த வீடு, என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அப்படிப் பார்ப்பதும் சரியல்ல. தேர்த் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலில், எல்லோரும் அதில்தான் குடிக்கிறார்கள். கழுவ ஆளில்லை, தண்ணீரில்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் அன்று ஆளும் இருந்தது, தண்ணீரும் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தாள். "நான் அப்பிடி நினைச்சுக் குடுக்கேல்லை" என்றாள். அது பொய்யில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியும். நானுந்தான் எதையும் நினைத்து என் மூக்குப்பேணியைக் கையில் வாங்கவில்லை.

அடுத்த வெள்ளி அவளே படலைக்கு வந்து கூப்பிட்டாள். இரண்டும் எவர்சில்வர். அந்த அம்மா பேணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இதிலையே அம்மா?" என்றார். "ஓம், குடியுங்கோ." குடித்தார். குடித்து முடிந்ததும் பேணியைத் திருப்பிக் கொடுக்காமல் நேரே கிணற்றடிக் குழாய்க்குப் போனார். மனைவி பின்னாலே போய், "விடுங்கோ, நான் கழுவுறன்" என்று கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. சாம்பலும் தும்பும் எங்கேயென்று கேட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனார். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் அவர்தான் கழுவுகிறார். மனைவி இன்னமும் கையை நீட்டுகிறாள்.

அலுமாரியிலிருந்த அந்தக் கட்டு அப்படியே இருக்கிறது. எறியவும் மனமில்லை, எறிந்தால் நானே பொறுக்கவேண்டும்.

ஒழுங்கை இப்போது பரவாயில்லை. ஆச்சிக்கு நடக்க ஏலாது, பூவுக்குப் பேரன் வருகிறான். கைத்தடிக்காரர் போத்தல்களை ஒதுக்கி வைக்கிறார். ரியூசன் பிள்ளைகள் வளைவுக்கு அப்பால் போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. வளைவுக்கு அப்பாலும் நான் போகத் தொடங்கியதால், அடுத்த வளைவுக்கு அப்பால் போடுகிறார்கள்.

இந்தப் பேச்சை எழுதியபின் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரட்டை வந்த இடத்தில் தலையை ஆட்டினார். "எங்கட அப்பா சொல்லுவார்" என்றார், அவ்வளவுதான். உங்களுடைய பெயரை வானொலியில் சொல்லட்டோ என்று கேட்டேன். ஒன்றரை வருடம் பழகியபின்தான் எனக்கே அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு விடயம். அவர் யோசிக்கவேயில்லை.

"வேண்டாம் ஐயா. பேர் சொன்னால் திருப்பியும் கூப்பிட்டுக் கேப்பினம்."

உழவு இயந்திரம் வந்துவிட்டது. தகரத்தைத் தூக்கி, கண்ணாடி எவ்வளவு இருக்கிறதென்று ஒருதரம் குலுக்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆகவே பெயரைச் சொல்லவில்லை.